படுக்கை உயரத்தில் ஒரு ஜன்னல்

துணிக்கடையின் ஒரு மூலையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாங்கிய உடுப்பைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. கடைக்கு வருகிறவர்கள், கடைப் பையன்கள், முதலாளி எல்லோருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஒரு சட்டையைக் கையில் வாங்கியதும் அக்கா அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். ஒட்ட வெட்டித் தைத்திருந்தால் கடவுளே வந்து மிஷினில் உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. அப்படிப்பட்ட சட்டையோடு வருகிறவரிடம், "இது பெருசாகாதுங்க, நீங்கதான் சின்னதாகணும்" என்பாள். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பேச்சு ஒருநாள் தனக்கே திரும்பி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. நகரக் கட்டட அலுவலகத்தில் அவளுடைய வீட்டு வரைபடத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பெண் அதிகாரி கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள்.

"எந்தப் பக்கமும் இடமே விடலையேம்மா. எல்லைக்கோட்டு மேலயே சுவர் நிக்குது. இந்த வீட்டை ஒரு அடிகூட நீட்ட முடியாது."

"எங்க மாமனார் கட்டினது, மேடம். அப்ப யாரும் இடம் விடச் சொல்லலையே."

"சொல்லலைதான். அதனாலதான் உங்க வீடு இன்னும் நிக்குது."

அதிகாரி பொல்லாதவள் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். இப்போது யார் வீடு கட்டினாலும் இரண்டு பக்கமும் பின்னாலும் ஆள் தாராளமாக நடக்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். தீப்பிடித்தால் அணைக்க வருகிறவர்கள் குழாயோடு ஓட வேண்டாமா? அந்த விதிமுறை வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஒவ்வாத கட்டடம். அவற்றை இடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருக்கிற மட்டும் இருந்துவிட்டுப் போகலாம். உள்ளே மாற்றிக்கொள்ளலாம், பழுது பார்க்கலாம், புது ஜன்னல் வைக்கலாம். வளர மட்டும் கூடாது.

"இன்னொண்ணு. இதுதான் ரொம்ப முக்கியம்," என்று அதிகாரி பென்சிலால் வரைபடத்தின் ஓரங்களைத் தடவிக் காட்டினாள். "வெளிச்சுவர் நிக்கணும். பாதிக்கு மேல இடிச்சீங்கன்னா அது பழைய வீடு இல்லை, புது வீடு. புது வீடுன்னா எல்லாப் பக்கமும் இடம் விடணும். இந்த மனையில அப்படி விட்டா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே பாருங்க."

அக்கா பார்த்தாள். ஒரு நடை மட்டும்தான் மிஞ்சியது. அதில் ஒரு கட்டிலைப் போட்டால் ஆள் இறங்கி நிற்க இடம் இருக்காது.

கட்டில்தான் விஷயமே. அக்காவின் கணவர் நகரத்தின் பெரிய வணிகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். வேலைக்காலம் முழுக்க ஜன்னல் இல்லாத ஒரு பெட்டிக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏறி இறங்கினார். வெளியே மழையா வெயிலா என்பதை, உள்ளே வருகிறவர்களின் தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஓய்வு பெற்ற அன்று அந்த ஸ்டூலையே பரிசாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "நல்லவேளை, லிஃப்டைக் கொடுக்கலை, வீட்டுல வைக்க இடமில்லை" என்று அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். மனுஷர் அப்படி.

அந்த மனுஷரைப் பக்கவாதம் ஒரு காலையில் தட்டிப் போட்டது. வலது கையும் காலும் பேச்சுக் கேட்கவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிச்சம் இருந்தது. வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். படியோ ஏணியை நிமிர்த்தி வைத்த மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று இரண்டு ஆள் பிடித்தும் பாதிப் படிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. நடுப்படியில் தொங்கிக்கொண்டு, "ஊரையே மேல ஏத்தி எறக்கினவன்டா நான், என்னை ஏத்த ஒரு நாதி இல்லை பாரு" என்று அவர் சிரிக்க, தூக்கியவர்களும் சிரித்து, எல்லோருமாக உருண்டு விழாததே பெரிய காரியம்.

வேறு வழியில்லாமல் அவரையும் அந்த ஸ்டூலையும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது உயரமான அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு. ஹாலில் மடக்குக் கட்டில் போட்டு, குறுக்கே ஒரு திரை கட்டினார்கள். பக்கத்தில் தரையில் அக்கா படுத்துக்கொள்வாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், கஷ்டமே அதில்தான் இருந்தது. தன் வீட்டிலேயே திருடனைப் போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். டி.வி.யை அணைத்துவிட்டார். விருந்தாளியை வரவேண்டாம் என்றார். லிஃப்ட்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"எப்ப நம்ம வீட்டுக்குப் போறோம்?" என்று தினமும் கேட்டார்.

"கீழ் ரூமையே உங்களுக்குப் பாத்ரூமோட பண்ணிடறேன். அப்புறம் படியே வேணாம். நம்ம வீட்டுலதான் இருக்கப் போறீங்க. சத்தியம்" என்று அக்கா அவருடைய இடது கையில் அடித்துச் சொன்னாள்.

"ஒரே ஒரு ஜன்னல் வை. படுத்தா கண்ணுக்கு நேரா இருக்கணும். வேலைக்காலம் பூரா ஆள் உள்ள வர்றதையும் வெளிய போறதையும்தான் பார்த்தேன். போனவங்க எங்க போறாங்கன்னு பார்த்ததே இல்லை. தெருவுல ஒரு ஆள் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் முழுசா நடந்து போறதைப் படுத்துக்கிட்டே பார்க்கணும்."

இது ஒரு பெரிய ஆசையா? சொல்லுங்கள். கோட்டை கேட்கவில்லை, கொடி கேட்கவில்லை. அலுவலகம்கூட அதற்கு ஒத்துக்கொண்டது. வீட்டை நீட்டாமல், கீழ் அறையையும் சமையலறையில் பாதியையும் சேர்த்து, தெருப் பக்கம் ஜன்னல் வைத்து, உள்ளேயே குளியலறை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

வேலையை எடுத்துக்கொண்டவன் அக்காவின் தம்பி. கொத்தனார். வேலையிடத்தில் அவனுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சுவர் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கருவியை அவன் சட்டைப்பையிலிருந்து கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடைக்குப் போனால் மேஜைமேல் வைத்துப் பார்ப்பான். ஆடினால் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் சொருகிவிட்டுத்தான் டீ குடிப்பான். தனக்குப் பெண் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டு நிலைப்படி சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கல்யாணத்தையே கெடுத்துக்கொண்டவன். அரைகுறை வேலை என்றால் அவனுக்கு உடம்பு கூசும். நல்ல சுவருக்காகச் சாப்பாட்டை மறப்பான். அவனை நம்பி வீட்டைக் கொடுத்ததில் அக்காவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அதிகாரி சொன்னதை அக்கா மறக்காமல் அவனிடம் சொன்னாள்தான். "வெளிச்சுவரை இடிக்கக் கூடாதாம்டா." அவனும் தலையாட்டினான்தான். ஜன்னலைத்தான் முதலில் வைத்தான். மாமாவின் கட்டிலை அளந்து, தலையணையின் தடிமனைக்கூடக் கேட்டு, தெருச்சுவரில் சரியான உயரத்தில் வெட்டி மரச்சட்டம் பொருத்தினான். அக்கா வந்து பார்த்துவிட்டுத் தரையில் படுத்தே பார்த்தாள். தெருமுனை தெரிந்தது.

இந்தச் சமயத்தில் லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. மறுபடி ஆஸ்பத்திரி. அக்கா கூடவே இருந்தாள். டாக்டர், "இனிமே இவர் இருக்கிற இடத்துல ஈரம் ஆகவே ஆகாதும்மா, கவனமா இருங்க" என்றார். அக்கா உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"சுவர்ல ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாதுடா. என்ன பண்ணுவியோ தெரியாது."

"நீ மாமாவைப் பாருக்கா. இங்க நான் இருக்கேன்ல."

அந்தப் பேச்சு முடிந்து நாலைந்து நாளில் அவர் தேறி மகள் வீட்டுக்குத் திரும்பினார். அன்று காலை அதிகாரி வேலையைப் பார்வையிட வருகிறாள் என்று தகவல் இருந்ததால் அக்கா நேராகத் தன் வீட்டுக்குப் போனாள். தெருவிலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஜன்னல் சட்டத்துக்குத் தம்பி எண்ணெய்கூடப் பூசியிருந்தான். வாசல் கதவைத் திறந்தாள். உள்ளே வெளிச்சம் அடித்தது. இந்த வீட்டில் எப்போது இவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று நினைத்தபடியே நிமிர்ந்தவளுக்கு வானம் தெரிந்தது.

இடதுபக்கச் சுவர் இல்லை. பின்சுவர் இல்லை. மாடியறையின் தகரக் கூரை இறக்கி அடுக்கப்பட்டிருந்தது. மாடித் தளத்தை இரும்பு முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன. பழைய சுவர் இருந்த அதே கோட்டில், செங்கல் செங்கலாகப் புதுச்சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. பக்கத்தில் தம்பி கலவை காய்ந்த கையோடு, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல நின்றான்.

"உனக்குத் தெரியாம முடிச்சுக் காட்டணும்னு நினைச்சேன்க்கா. பூச்சைத் தட்டிப் பார்த்தேன், உள்ள கல்லு மாவா உதிருது. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம்ம சுவருக்கும் நடுவுல கைகூட நுழையாத சந்து. தண்ணி தேங்கித் தேங்கிச் சுவரைத் தின்னுடுச்சு. அதுமேல பூசி மாமாவைப் படுக்க வைக்கவா? நமக்கு மனசு வருமா? எடுத்தேன். கீழ்ச் சுவரை எடுத்தா மேல இருக்கறது எப்படி நிக்கும், அதையும் எடுத்தேன். பின்சுவர் அதோட பின்னிக்கிட்டு இருந்துச்சு."

"சுவரை இடிக்கக் கூடாதுன்னு சொன்னேனேடா."

"தள்ளிக் கட்டக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நினைச்சேன். நான் எங்கக்கா தள்ளிக் கட்டறேன்? நூல் பிடிச்சு அதே இடத்துலதான் ஏத்தறேன். ஒரு இம்மி விலகலை."

அவன் சொல்லி முடிக்கும் முன்னால் அதிகாரி உள்ளே வந்தாள். தம்பி அவளையும் சும்மா விடவில்லை. ரசமட்டத்தை எடுத்துப் புதுச்சுவர்மேல் வைத்து, "பாருங்க மேடம், குமிழி எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றான். அதிகாரி குமிழியைப் பார்க்கவில்லை.

"பழைய சுவர் எங்க?"

"அந்தச் சனியனையா? வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு."

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள். அளவு நாடாவை எடுத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். இரண்டாவது தடவை அளந்தபோது அவள் வேண்டுமென்றே நாடாவைத் தளர்த்திப் பிடித்ததை அக்கா பார்த்தாள். அப்படியும் கணக்கு உதவவில்லை.

"பாதிக்கு மேல போயிடுச்சும்மா," என்றாள் மெதுவாக.

"அதே இடத்துலதானே கட்டறேன்!" என்றான் தம்பி.

"அதே இடத்துலதான் கட்டக்கூடாது."

வேலையை நிறுத்தச் சொல்லும் தாளை அதிகாரியே வாசல் கதவில் ஒட்டினாள். ஒட்டிய கையோடு திரும்பி, "விதிவிலக்குக் குழுன்னு ஒண்ணு இருக்கு. படி ஏற முடியாத நோயாளி இருக்கிற வீடுன்னு மனு கொடுங்க. அவருக்காகன்னு கேட்டா குழு இரக்கப்படும். எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான் வழி. நானே எழுதித் தர்றேன்" என்றாள். கெட்டவர் யாருமே இல்லாத ஒரு விஷயத்தில் வீடு போய்க்கொண்டிருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோபம் எவ்வளவு பொல்லாதது என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆள் இருக்கவே இருந்தான். அதிகாரி போனதும் அக்கா தம்பியைப் பார்த்து, "என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடா. உன்னைக் கூப்பிட்டதுக்கு என் கையை நானே வெட்டிக்கணும்" என்றாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ரசமட்டத்தைச் சட்டைப்பையில் வைக்கப் போய், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். ஈரம் கூடாது என்று சொன்னது தானேதான் என்பது அக்காவுக்கு நினைவில்லாமல் இல்லை. அதனாலேயே இன்னும் உரக்கத் திட்டினாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனதும் லிஃப்ட்காரர் கேட்டார். "இன்னைக்கு என்ன வேலை நடந்துச்சு?"

விஷயத்தைப் போனிலேயே கேட்டிருந்த மகள் திரைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிடலாம், அதுவரை இந்த மனுஷர் மனம் உடையக்கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"பக்கச்சுவர் முடிஞ்சுதுங்க. ஈரமே இல்லை. கன்னத்தை வெச்சுப் பார்த்தேன்."

"அப்படியா!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பொய் சொல்லவே கூசுகிற பெண்பிள்ளை அவள். ஒரு வாரத்தில் கைதேர்ந்துவிட்டாள். கடையில் மிஷினை மிதித்துக்கொண்டே, அன்று சாயங்காலம் எவ்வளவு வேலை முடிய வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொள்வாள். ஒரேயடியாக முடிந்துவிடவும் கூடாது, நம்பும்படியாகவும் இருக்க வேண்டும். ஒருநாள் கலவை வரத் தாமதம் என்றாள். ஒருநாள் குழாய்க்காரர் வரவில்லை என்று பொய்யாகச் சலித்துக்கொண்டாள். அவரும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

"உள்பக்கங்க."

"வெளிப்பக்கமா மாத்தச் சொல்லு. நான் உள்ள விழுந்து கதவை அடைச்சுக்கிட்டுக் கிடந்தா எப்படித் திறப்பே?"

மறுநாள், "மாத்தியாச்சுங்க" என்றாள்.

"தம்பி முணுமுணுத்தானா?"

"கொஞ்சம்."

"அவனைத் திட்டாதே. அவன் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்."

"நான் எதுக்குத் திட்டப் போறேன்?" என்று அவள் திடுக்கிட்டாள்.

"சும்மா சொன்னேன்."

இருக்கிற வீட்டை ஓர் அடி நீட்டக் கூடாது என்றது சட்டம். இல்லாத வீட்டை யார் தடுப்பது? அவர்கள் இரண்டு பேரும் அதை நீட்டினார்கள். ஸ்விட்சை இடது கைக்கு எட்டும்படி இறக்கினார்கள். ஜன்னலுக்குக் கீழே டம்ளர் வைக்க ஒரு சின்னப் பலகை அடித்தார்கள். ஒருநாள், "என் கட்டிலுக்குப் பக்கத்துல உனக்கும் ஒரு கட்டில் போட இடம் இருக்கா? எத்தனை நாள் தரையில கிடப்பே?" என்றார். "தாராளமா இருக்குங்க" என்றாள் அக்கா. "அப்ப நீ சுவரோரம் படு. ஜன்னல் பக்கம் எனக்கு" என்று அவர் பாகம் பிரித்தார். ஒவ்வாத கட்டடம் என்று வீட்டுக்குப் பெயர் என்பதை முன்பே கேட்டு வைத்திருந்தவர், "நானும் அதேதான். இருக்கலாம், வளரக்கூடாது" என்று சொல்லி அவரே சிரித்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அக்கா அந்த அறையில்தான் வாழ்ந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

குழு கூடும் நாள் நெருங்கியது. ஒருநாள் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நெடுநேரம் நிற்க வைத்துவிட்டார்கள். கால் கடுக்க வந்து உட்கார்ந்தவளிடம் லிஃப்ட்காரர் கேட்டார்.

"சுவருக்கு என்ன கலர் அடிக்கிறீங்க?"

எத்தனையோ சொன்னவளுக்கு அன்று ஒரு நிறம் வாயில் வரவில்லை. உடம்பு அவ்வளவு அசந்து போயிருந்தது.

"இன்னும் முடிவு பண்ணலைங்க. நாளைக்குச் சொல்றேன்."

"சரி, நாளைக்கு" என்றார்.

காலையில் அக்கா எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். மாப்பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவரைக் கீழே கொண்டுபோக லிஃப்டில் இடம் போதவில்லை. படி வழியாகத்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து ஆட்கள் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க மாடிகளை எண்ணிய மனுஷர் இந்தத் தடவை எண்ணவில்லை என்று நினைத்தபோதுதான் அக்காவுக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

குழு கூட்டம் அடுத்த வாரமே வந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மூடி போட்ட தண்ணீர்க் கூஜா. சுவரோரம் பெண் அதிகாரி. அக்காவுக்குப் பக்கத்தில் தம்பி. பேச்சு இல்லாவிட்டாலும் வந்திருந்தான். வரும் வழியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அவங்களுக்கு இன்னும் தெரியாது. மாமா மகள் வீட்டுல இருக்கார்னு மட்டும் சொல்லு. ஒரு வார்த்தை. வீடு தப்பிச்சுடும். உனக்குன்னு வேற எதுவும் இல்லைக்கா."

அக்கா நடையை எட்டிப் போட்டாள்.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் நல்ல மாதிரி. காகிதங்களைப் புரட்டிவிட்டு, "தப்பு நடந்திருக்கு, ஆனா கெட்ட எண்ணத்துல நடக்கலை. நோயாளி சொந்த வீட்டுல இருக்கணும்னு கேக்கறீங்க. கொடுத்துடலாம்னுதான் எங்களுக்கும் தோணுது" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பேனாவைத் திறந்துகொண்டே, பேச்சுக்குக் கேட்பது போல, "இப்ப எப்படி இருக்கார்?" என்றார்.

தம்பியின் கால் மேஜைக்கடியில் அவள் காலை அழுத்தியது.

இருக்கார் என்று ஒரு சொல் போதும். சொல்லிப் பழகிய வாய்தான். இல்லாத சுவருக்குக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன் என்ற வாய். ஆனால் அதெல்லாம் அவருக்காகச் சொன்னது. இது அவருக்கு எதற்கு? இருக்கார் என்று இங்கே சொல்லிவிட்டால், இனி எங்கே உட்கார்ந்து அவருக்காக அழுவது? அந்த மனுஷரிடம் கடைசியாக இருந்தது அவருடைய சாவு ஒன்றுதான். அதையும் பிடுங்கி வீட்டுக்கு முட்டுக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"இல்லைங்க. போன வாரம் காலமாயிட்டார்."

பெரியவர் பேனாவை மூடினார். பெண் அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வருத்தம் சொன்னார்கள். யாரோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். யாருக்காகக் கேட்ட விலக்கோ அவர் இல்லாதபோது கொடுக்க விதிமுறையில் இடமில்லை என்பதைப் பெரியவர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார், எப்படிச் சொன்னாலும் அது ஒன்றாகவே இருந்தது. பாதி நிற்கிற கட்டடம் தெருவுக்கு ஆபத்து, மிச்சத்தையும் இறக்கிவிட வேண்டும் என்று கடைசியாகச் சொன்னார்.

அந்நிய ஆள் கைவைக்கக் கூடாது என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். அவனே இறக்கினான். மாடித் தளம், வலதுபக்கச் சுவர் எல்லாம் போன பிறகு தெருச்சுவர் மட்டும் ஜன்னலோடு நின்றது. அன்று அக்கா கடைக்குப் போகவில்லை. மகள் வீட்டிலிருந்து லிஃப்ட் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டில் போட வேண்டிய இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் குனிய வேண்டியிருந்தது. படுத்திருப்பவருக்கு அளந்து வைத்ததல்லவா.

பால் வாங்கிக்கொண்டு ஒரு பெண் இந்த முனையிலிருந்து வந்தாள். ஜன்னலுக்குள் முகத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு அந்த முனை வரைக்கும் நடந்து போனாள். முழுசாக நடந்து போனாள்.

தம்பி சுத்தியலோடு வந்து பின்னால் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மாமாவுக்குத் தெரியும்."

அவள் திரும்பவில்லை.

"நோட்டீஸ் ஒட்டின மறுநாளே, நீ கடையில இருக்கிற நேரமாப் பார்த்துப் போனேன். கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. 'நேத்து உங்க அக்கா பக்கச்சுவர் முடிஞ்சுதுன்னு சொன்னா, நல்லாத்தான் கட்டியிருந்தா' அப்படின்னார். அவளுக்குத் தெரிய வேணாம்னு சத்தியம் வாங்கிட்டார். 'அவ கட்டிக்கிட்டு இருக்காடா, கட்டட்டும். சாயங்காலம் ஆனா எனக்கு அந்த வீட்டுக்குப் போகணும்'னார்."

கீழ் அறையின் அகலம் அவருக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்த வீடு. அதில் இரண்டாவது கட்டிலுக்கு இடம் கிடையாது என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும் அவருக்கு. தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். தெரிந்தேதான் ஜன்னல் பக்கம் எனக்கு என்று பாகம் பிரித்திருக்கிறார். கடைசி நாள் நிறத்தைக் கேட்டதும் தெரிந்தேதான். அந்த ஒன்றுக்கு அவள் நாளைக்கு என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை. எந்த நிறமாக இருந்தாலும் அவர் நல்லா இருக்கு என்றிருப்பார்.

ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். தம்பியும் அழுதான். அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவனிடம் பேசினாள்.

"இளநீலம்டா."

"என்னக்கா?"

"சுவருக்கு. இளநீலம். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

தம்பி சுவர் இருந்த இடத்தைப் பார்த்தான். "நல்லா இருக்கும்க்கா" என்றான். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.